இரண்டு டிஷ், இருபது நாள்: 21 செ.மீ. ஹைட்ரஜன் தரவுகளை ஒன்றாக்குவது எப்படி?

#1 பென்னாகரம்_வானம்

வணக்கம். பால்வழியின் ஹைட்ரஜன் வாயு 21 செ.மீ. அலைநீளத்தில் (1420.4 மெகாஹெர்ட்ஸ்) உமிழும் வானொலிக் கோட்டின் தரவு மூன்று தொகுப்பாக இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரே வரைபடம் ஆக்க வேண்டும்.

அ: பென்னாகரம், 6 அடி மெஷ் டிஷ், நேர் உச்சி நோக்கி. ஏப்ரலில் 6 நாள், நாள் முழுக்க ஓட்டம்.
ஆ: அதே டிஷ், அக்டோபரில் 5 நாள்.
இ: ஓசூர், 90 செ.மீ. ஆஃப்செட் டிஷ், அதுவும் உச்சி நோக்கி. அக்டோபரில் 9 நாள்.

மூன்றிலும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். (கணினியில் செருகும் மென்பொருள் ரிசீவர்), நொடிக்கு 2.4 மெகா சாம்பிள், 2048 சேனல், நிமிடத்துக்கு ஒரு சராசரி ஸ்பெக்ட்ரம். அ, ஆ இரண்டும் 1420.0, 1420.8 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றி மாற்றி எடுத்தவை. இ 1420.0-இல் மட்டும்.

நம்பையில் (பைத்தான் மொழியின் எண்கணக்குத் தொகுப்பு) எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் மூன்று கோளாறு. பால்வழித் தளம் கடக்கும் இடத்தில் ஒரு மேடு இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஓசூர்த் தரவைச் சேர்த்ததும் மேடே இல்லாத நேரத்தில் புதிதாக ஒன்று முளைக்கிறது. இருபது நாள் சேர்த்தும் இரைச்சல் குறையவில்லை. பென்னாகரம் தரவு தனியாகவே தேவலாம். எங்கிருந்து தொடங்குவது?

#2 தொப்பூர்_கணவாய்

முதலில் கடிகாரம். புதிதாக முளைத்த மேடு சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு கணினி இந்திய நேரத்திலும் இன்னொன்று உலக நேரத்திலும் எழுதியிருக்கிறது. ஐந்தரை மணி என்றால் வானத்தில் 82.5 பாகை. இரண்டு ஊர்க்காரர் தரவைச் சேர்க்கும்போது அடிக்கடி வருகிற பிழை இதுதான்.

#3 அஞ்செட்டி_அலை

அண்ணா சொன்னதைச் சோதிக்கச் சுலபமான வழி சூரியன். பென்னாகரம், தருமபுரி வட்டாரத்துக்கு உச்சியின் நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து வடக்கே உள்ள கோணம்) ஏறக்குறைய +12 பாகை. ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நாட்களின் மொத்த சக்தியை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். ஏப்ரலில் இந்திய நேரம் 12 மணி 16 நிமிடத்தை ஒட்டி உச்சம் வரவேண்டும். ஆகஸ்டில் 12.20. நமக்குத் தீர்க்கரேகை 78 சொச்சம், இந்திய நேரம் 82.5-க்கு உரியது, அந்த வித்தியாசமே 17 நிமிடம்.

உச்சம் பத்து நிமிடம் தள்ளி வந்தால் டிஷ் கிழக்கிலோ மேற்கிலோ இரண்டரை பாகை சாய்ந்திருக்கிறது, அல்லது கடிகாரம் தவறு. இரண்டில் எது என்பதைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓசூருக்கும் பென்னாகரத்துக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வித்தியாசம் இந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு.

#4 ஓசூர்_எஸ்.டி.ஆர்.

இ தொகுப்பின் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். தலைப்பில் நேர மண்டலமே எழுதவில்லை. மடிக்கணினி இந்திய நேரத்தில் இருந்தது. ஆக 2-ஆம் பதிவில் சொன்னதுதான்.

#5 தொப்பூர்_கணவாய்

நல்லது. இனிமேல் கோப்பில் யூனிக்ஸ் நொடியை (1970 தொடக்கத்திலிருந்து உலக நேரத்தில் எண்ணும் நொடி) மட்டும் எழுதுங்கள். அதிலிருந்து விண்மீன் நேரத்தை (சூரியனை அல்ல, விண்மீன்களைப் பின்பற்றும் கடிகாரம்) ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பு கணக்கிட்டுக் கொடுக்கும். நாளைத் தேதியால் அடுக்கக் கூடாது, விண்மீன் நேரத்தால் அடுக்க வேண்டும். ஒரே வானம் தினமும் 4 நிமிடம் முன்னதாக வருகிறது, மாதத்துக்கு 2 மணி நேரம். இந்திய நேரத்தால் அடுக்கி ஆறு நாளைக் கூட்டினாலே 20 நிமிடம், 5 பாகை குழம்பிவிடும்.

அடுக்கும் கட்டம் எவ்வளவு? 6 அடி டிஷ்ஷுக்கு இந்த அலையில் பார்வைக் கற்றை சுமார் 8 பாகை. 8 நிமிடக் கட்டம் 2 பாகை. கற்றையில் கால் பங்கு, போதும்.

#6 மத்தூர்_மாந்தோப்பு

இப்போது பிளந்த மேடு. இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தரவு சேர்ப்பில் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

உங்கள் உச்சியில் பால்வழித் தளம் இரண்டு முறை கடக்கிறது. விண்மீன் நேரம் 19 மணி 15 நிமிடத்தில் (பால்வழித் தளத்தை ஒட்டி அளக்கும் கோணமான பால்வழி நெட்டாங்கு 46 பக்கம்) ஒன்று, 6 மணி 20 நிமிடத்தில் (199 பக்கம்) இன்னொன்று. முதலாவதுதான் பிளந்திருக்கும். ஏப்ரல் நடுவில் பூமி அந்தத் திசையை நோக்கி ஓடுகிறது, அக்டோபர் நடுவில் அதை விட்டு விலகி ஓடுகிறது. நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்தப் பக்கம் விழும் பங்கு 25 கி.மீ. இரண்டுக்கும் இடையே 50 கி.மீ./வி. இந்த அலையில் 1 கிலோஹெர்ட்ஸ் என்பது 0.211 கி.மீ./வி., ஆகவே மேடு 237 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்து உட்காரும். உங்கள் சேனல் அகலம் 1.17 கிலோஹெர்ட்ஸ். இருநூறு சேனல் தள்ளி நிற்பவற்றைக் கூட்டிவிட்டு ஏன் பிளந்தது என்றால், பிளக்காமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது: ஒவ்வொரு நிமிட ஸ்பெக்ட்ரத்தின் அதிர்வெண் அச்சையும் எல்.எஸ்.ஆர். (சூரியனின் அண்டை விண்மீன்களின் சராசரி ஓட்டத்தை நிலையாகக் கொள்ளும் சட்டகம்) திசைவேக அச்சாக மாற்றிய பிறகே கூட்டுவது. ஆஸ்ட்ரோபையில் இடம், நேரம், திசை மூன்றையும் கொடுத்தால் சூரியக் குடும்ப மையத்துக்கான திருத்தம் வரும். அதை அளந்த திசைவேகத்தோடு கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. குறியை மாற்றிப் போட்டால் 50 கி.மீ. பிளவு 100 ஆகிவிடும். அதுவே பிழையைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் சூரியனின் சொந்த ஓட்டத்தையும் சேர்க்க வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஆஸ்ட்ரோபையில் எல்.எஸ்.ஆர். என்ற பெயரிலேயே ஒரு சட்டகமும், எல்.எஸ்.ஆர்.கே. என்று தனியாக ஒன்றும் இருக்கின்றன. முதலாவது சூரிய வேகத்தை மூன்று திசைகளில் நொடிக்கு 11.1, 12.24, 7.25 கி.மீ. என்று எடுக்கிறது. வானொலி வானியல் அட்டவணைகள் பயன்படுத்துவது இரண்டாவதை: நொடிக்கு 20 கி.மீ., 1900-ஆம் ஆண்டு ஆயங்களில் 18 மணி, +30 பாகை திசை. இரண்டுக்கும் திசையைப் பொறுத்து 3 கி.மீ./வி. வரை வித்தியாசம் வரும், நெட்டாங்கு 46-இல் ஒன்றரை. ஒருவர் அதிலும் மற்றவர் இதிலும் மாற்றிக் கொண்டுவந்து சேர்த்தால் கோடு அகன்றுபோகும், காரணமும் பிடிபடாது. எல்லாருமே எல்.எஸ்.ஆர்.கே. என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரே திருத்தம் போதாதா என்று கேட்கலாம். போதாது. டிஷ் அசையாவிட்டாலும் அது பார்க்கும் திசை மணிக்கு 15 பாகை ஓடுகிறது. திருத்தம் ஒரு மணி நேரத்தில் 6, 7 கி.மீ./வி. வரை மாறும். நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கிடுங்கள். பூமி தன்னைத் தானே சுற்றுவதால் வரும் பங்கு மட்டும் உங்களுக்கு இல்லை. உச்சியை நோக்கும்போது அந்த ஓட்டம் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறது.

#7 பென்னாகரம்_வானம்

நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிப் பார்த்தேன். பிளவு போய்விட்டது. ஆனால் +80 முதல் +130 வரை ஒரு தாழ்வான தட்டையான மேடு புதிதாக நிற்கிறது. 46-ஆம் நெட்டாங்கில் இவ்வளவு வேகத்தில் வாயு இருக்குமா?

#8 மத்தூர்_மாந்தோப்பு

இருக்காது. பால்வழிச் சுழற்சியைத் தட்டையாக 220 கி.மீ./வி. என்று வைத்தாலே அந்தத் திசையில் அதிகபட்சம் 62 வாக்கில் முடிந்துவிடும். வாயுவின் சொந்தக் கலக்கத்துக்குப் பத்து சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்ப்பது எஸ்.டி.ஆரின் நடு முள்.

1420.0-க்கு டியூன் செய்தால் பட்டையின் நடுவில் ஒரு முள் நிற்கும் இல்லையா? அது கோட்டிலிருந்து 405 கிலோஹெர்ட்ஸ் கீழே, அதாவது +86 கி.மீ./வி. ஸ்பெக்ட்ரத்தில் அது எப்போதும் ஒரே சேனலில் நிற்கிறது. எல்.எஸ்.ஆருக்கு மாற்றும்போது நீங்களே அதை ஏப்ரலில் ஒரு பக்கமும் அக்டோபரில் மறுபக்கமும் இழுத்து விரித்துவிட்டீர்கள். கூர்மையான முள்ளாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், விரிந்தால் வாயு மாதிரியே இருக்கும். 1420.8-இல் அதே முள் −83-இல் நிற்கும், அங்கேயும் பாருங்கள்.

ஆகவே வரிசை முக்கியம்: கருவிக்குச் சொந்தமான குறைகள் எல்லாம் கருவியின் அச்சில் இருக்கும்போதே நீக்கப்பட வேண்டும். நடு முள், பட்டை ஓரச் சரிவு, சுவிட்ச் பவர் சப்ளையின் நிலையான கோடுகள், எல்லாம் சேனல் எண்ணில் நிலைத்தவை. முள்ளைச் சுற்றி ஐந்தாறு சேனலை வெற்று மதிப்பு ஆக்கிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். சுழியம் போடாதீர்கள், சுழியம் சராசரியில் கலக்கும், வெற்று மதிப்பு கலக்காது. மற்ற டியூனிங் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

#9 ஓசூர்_எஸ்.டி.ஆர்.

இ தொகுப்பில் இரண்டாவது டியூனிங் கிடையாது. பட்டை வடிவத்தை எதால் வகுப்பது?

#10 அஞ்செட்டி_அலை

விண்மீன் நேரம் 12 முதல் 13 மணி வரை உள்ள ஸ்பெக்ட்ரங்களின் இடைநிலையை எடுங்கள். அந்த நேரத்தில் உச்சியில் பால்வழித் தளத்திலிருந்து வெகுதூரம் விலகிய வானம், ஹைட்ரஜன் குறைவு. அன்றன்றைக்கு எடுத்த இடைநிலையால் அன்றைய தரவை வகுக்க வேண்டும். ஒரு நாளுக்கு எடுத்ததை ஒன்பது நாளுக்கும் போட்டால், வெப்பநிலை மாறி ஃபில்டர் நகரும்போது வடிவம் ஒட்டாது.

குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. சுழிய வேகத்தை ஒட்டிச் சில கெல்வின் இருக்கும், அது எல்லா ஸ்பெக்ட்ரத்திலும் பள்ளமாகக் கழிந்திருக்கும். லேப் சர்வேயில் (லைடன், அர்ஜென்டினா, பான் மூன்றும் சேர்ந்த முழுவான ஹைட்ரஜன் அளவீடு) அதே திசையின் வடிவத்தை எடுத்துத் திரும்பக் கூட்டிவிட வேண்டும். அடுத்த முறை நீங்களும் இரண்டு அதிர்வெண்ணில் எடுங்கள். டியூன் மாற்றியதும் வரும் முதல் பஃபரை எறிந்துவிடவும்.

#11 தொப்பூர்_கணவாய்

இரைச்சல் கேள்விக்கு வருகிறேன். கோடு இல்லாத சேனல்களில் ஒரு நிமிட ஸ்பெக்ட்ரத்தின் சிதறல் எவ்வளவு, கெல்வினில்?

#12 பென்னாகரம்_வானம்

பென்னாகரம் 0.8, ஓசூர் 1.6.

#13 தொப்பூர்_கணவாய்

அதுதான் விடை. 0.8-ஐயும் 1.6-ஐயும் சமமாகக் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.89 வரும். நல்ல தரவு தனியாக இருந்ததைவிட மோசம்! சிதறலின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை கொடுத்தால், அதாவது 4-க்கு 1, 0.72 வரும். மோசமான தரவும் உதவும், அதற்குரிய இடத்தில் வைத்தால்.

எடையை எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். எல்.எஸ்.ஆர். அச்சுக்கு நேர்கோட்டு இடைச்செருகலால் மாற்றினால், அரைச் சேனல் நகர்ந்த இடத்தில் இரண்டு சேனலின் சராசரிதான் புதிய மதிப்பு, சிதறல் 0.71 மடங்காகக் குறைந்ததுபோல் தெரியும். உண்மையில் குறையவில்லை, பக்கத்துச் சேனலோடு ஒட்டிக்கொண்டது. அதை வைத்து எடை போட்டால், நகர்வு அரைச் சேனலாக அமைந்த நிமிடங்களுக்குக் காரணமில்லாமல் இரட்டை எடை கிடைக்கும். மாற்றுவதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். பிறகு 1 கி.மீ./வி. கட்டமாக்கி, அந்தக் கட்டத்துக்குள் விழும் நான்கு சேனலையும் சராசரி எடுப்பது இடைச்செருகலைவிட நல்லது.

ஓசூரில் 1.6 வரக் காரணம் ஊர் இல்லை என்றே நினைக்கிறேன். எல்.என்.ஏ. (குறைந்த இரைச்சல் பெருக்கி) எங்கே இருக்கிறது?

#14 ஓசூர்_எஸ்.டி.ஆர்.

மாடியிலிருந்து 10 மீட்டர் ஆர்.ஜி.-6 கேபிள் கீழே வந்து, அறைக்குள் எல்.என்.ஏ.

#15 தொப்பூர்_கணவாய்

10 மீட்டர் ஆர்.ஜி.-6 இந்த அதிர்வெண்ணில் சுமார் 2.4 டெசிபெல் தின்னும். அந்த இழப்பு மட்டுமே 210 கெல்வின் இரைச்சலைக் கூட்டுகிறது, எல்.என்.ஏ.வின் சொந்த இரைச்சலையும் 1.7 மடங்கு ஆக்குகிறது. டிஷ்ஷின் குவியத்தில் உள்ள ஃபீட் டப்பாவிலேயே எல்.என்.ஏ.வை மாட்டி, எஸ்.டி.ஆரின் பயாஸ் டீ (சிக்னல் கேபிளிலேயே மின்சாரம் ஏற்றும் வசதி) வழியாக மின்சாரம் அனுப்புங்கள். மழைத் தண்ணீர் இறங்காமல் கனெக்டரில் ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுங்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க, டிஷ்ஷைத் தரையை நோக்கித் திருப்பி ஒரு அளவு, வானத்தை நோக்கி ஒரு அளவு எடுத்துச் சக்தியை வகுங்கள். தரை 300 கெல்வின், வெற்று வானம் சுமார் 10. விகிதம் 3 வந்தால் கருவி இரைச்சல் 135 கெல்வின். இப்போது இரண்டைக்கூட எட்டாது.

#16 காவேரிப்பட்டணம்_அலைவரிசை

ஒரு சந்தேகம். ஸ்பெக்ட்ரமாகச் சுருக்காமல் இரண்டு ஊரின் மூல ஐ.க்யூ. கோப்புகளையே (அலையை அப்படியே பதிந்தவை) கூட்டினால் பெரிய டிஷ் மாதிரி ஆகாதா?

#17 மத்தூர்_மாந்தோப்பு

ஆகாதுங்க. அப்படிக் கூட்ட இரண்டு ரிசீவருக்கும் ஒரே ஆஸிலேட்டர், அல்லது அணுக்கடிகாரத் தரத்தில் ஒத்த இரண்டு வேண்டும். உங்கள் எஸ்.டி.ஆரில் 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிழை என்றாலே நொடிக்கு 1420 சுழற்சி அலைக்கட்டம் விலகுகிறது. கூட்டினால் அலை அலையை அழிக்கும், அடுத்த கணம் கூட்டும், முடிவில் வெறும் இரைச்சல். சக்தியாக மாற்றிய பிறகு கூட்டுவதற்கு அலைக்கட்டம் தேவையில்லை.

இடத்தையும் யோசியுங்கள். மூலக் கோப்பு நொடிக்கு 4.8 மெகாபைட், மணிக்கு 17 ஜி.பி. நிமிடச் சராசரி நாள் முழுக்கச் சேர்ந்தும் 12 மெகாபைட்தான்.

#18 அஞ்செட்டி_அலை

யாரும் இன்னும் தொடாத ஒன்று: இரண்டு டிஷ்ஷும் ஒரே வானத்தைப் பார்க்கவில்லை. 6 அடிக்கு 8 பாகை, 90 செ.மீ.க்கு 16 பாகை. பால்வழித் தளம் ஒடுங்கிய பட்டை. பெரிய கற்றை அதைச் சுற்றியுள்ள வெற்று வானத்தோடு கலந்து தாழ்த்திக் காட்டும். 19 மணி 15-இல் இரண்டும் வேறு வேறு உயரம் காட்டினால் அது அளவுத்திருத்தப் பிழை ஆகாது. அதைப் பிழை என்று நினைத்து ஒன்றைப் பெருக்கிச் சமமாக்கினால் இரண்டுமே கெடும்.

எச்.ஐ.4.பை என்ற முழுவான வரைபடம் (2016) எப்படி உருவானது என்பதைப் பாருங்கள். வடக்குக்கு ஜெர்மனியின் 100 மீட்டர் எஃபெல்ஸ்பெர்க், தெற்குக்கு ஆஸ்திரேலியாவின் 64 மீட்டர் பார்க்ஸ். முன்னதன் கற்றை 10.8 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), பின்னதன் தரவு 16.2 கலை. கூர்மையானதை 16.2-க்கு மங்கலாக்கிய பிறகே சேர்த்தார்கள். நமக்கும் அதே வழிதான்: 8 பாகைத் தரவை 16-க்குக் கொண்டுவர 13.9 பாகை அகலமுள்ள காஸியனால் (மணி வடிவ வளைவு) மென்மையாக்க வேண்டும் (16-இன் வர்க்கத்தில் 8-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம்).

ஆனால் உச்சி ஓட்டத்தில் கிழக்கு மேற்காக மட்டுமே தரவு இருக்கிறது, வடக்கு தெற்கில் இல்லை. பாதி மென்மையாக்கல்தான் சாத்தியம். அதனால் என் கருத்து: ஓசூர்த் தரவை வரைபடத்தில் கலக்க வேண்டாம். அதைச் சோதனைத் தரவாக வைத்துக்கொள்ளுங்கள். திசைவேகங்கள் ஒத்துப்போகின்றனவா, மேட்டின் நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அது பொன்.

#19 தொப்பூர்_கணவாய்

இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. தளத்திலிருந்து விலகிய, ஹைட்ரஜன் பரவலாக இருக்கும் நேரங்களில் 8-க்கும் 16-க்கும் பெரிய வேறுபாடு வராது; அங்கே எடை போட்டுக் கலக்கலாம். தளம் கடக்கும் இரண்டு இடங்களில், முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் விட்டுவிடலாம்.

எப்படியானாலும் கெல்வின் அளவைக்கு இருவரும் ஒரே அடிப்படைக்கு வர வேண்டும். பான் பல்கலைக்கழகத்தின் லேப் சர்வே பக்கத்தில் திசையோடு கற்றை அகலத்தையும் கொடுத்தால் அதற்கேற்ற வடிவத்தைத் தரும். பென்னாகரத்துக்கு 8, ஓசூருக்கு 16 என்று தனித்தனியாக எடுத்து, ஒவ்வொரு நாளின் கோட்டையும் அதோடு ஒப்பிட்டு ஒரே ஒரு பெருக்கு எண் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணை நாள்வாரியாக வரைந்தால் கருவியின் உடல்நிலை தெரியும். பத்து சதவீதத்துக்கு மேல் துள்ளிய நாளில் மழை பெய்திருக்கும், அல்லது கனெக்டர் தளர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் எடுத்த அக்டோபர்த் தரவில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஃபீட் மூடியில் நிற்கும் தண்ணீர் இரைச்சலை ஏற்றிக் கோட்டைத் தாழ்த்தும்.

#20 காவேரிப்பட்டணம்_அலைவரிசை

மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர்கள் போடும் இரைச்சலை என்ன செய்வது? தோட்டத்துப் பக்கம் டிஷ் வைத்தால் இது தினம் உண்டு.

#21 மத்தூர்_மாந்தோப்பு

மோட்டார் நேரம் இந்தியக் கடிகாரத்தைப் பின்பற்றும், வானம் விண்மீன் கடிகாரத்தைப் பின்பற்றும். இதுவே நமக்குச் சாதகம். ஏப்ரலில் 19 மணி 15 விடியற்காலை ஆறு மணி வாக்கில் வருகிறது, அக்டோபரில் மாலை ஆறு வாக்கில். ஒரே வானக் கட்டத்தில் வேறு வேறு ஊர் நேரங்கள் கலந்திருப்பதால், எல்லா நாளின் இடைநிலையோடு ஒப்பிட்டு 4 சிதறலுக்கு மேல் விலகியதை வெட்டிவிடலாம். வெட்டியபின் எடைச் சராசரி. இடைநிலையையே இறுதி விடையாக வைக்காதீர்கள். அதன் இரைச்சல் சராசரியைவிட 1.25 மடங்கு, இருபது நாளில் ஏழு நாளை வீணாக்கியதற்குச் சமம்.

அடித்தளக் கோட்டுக்கு நேர்கோடு அல்லது இருபடி மட்டும், கோடு இருக்கும் பகுதியை மறைத்துவிட்டு. ஏழாம் படி, எட்டாம் படி போட்டால் படம் அழகாக வரும், ஆனால் −40 பக்கம் உள்ள மெல்லிய வாலைத் தின்றுவிடும். அந்த வால்தான் சூரியனின் பால்வழிச் சுற்றுப்பாதைக்கு வெளியே உள்ள சுருள் கையின் வாயு.

#22 கே.ஆர்.பி._அணைமேடு

இதே கேள்வி ஜி.எம்.ஆர்.டி. (புனே அருகே உள்ள வானொலித் தொலைநோக்கி வரிசை) ஆவணக் காப்பகத் தரவுக்கு. ஒரே விண்மீன் மண்டலம், இரண்டு நாள், 21 செ.மீ. காஸா மென்பொருளில் கான்கேட் (கோப்புகளை ஒட்டும் கட்டளை) போட்டுச் சேர்த்தால் போதுமா?

#23 அஞ்செட்டி_அலை

கான்கேட் கட்டாயம் இல்லை. படம் உருவாக்கும் டிகிளீன் கட்டளை இரண்டு கோப்பின் பெயரையும் பட்டியலாக வாங்கிக்கொள்ளும், வட்டில் இரட்டை இடமும் மிச்சம். ஜி.எம்.ஆர்.டி. தரும் எல்.டி.ஏ. கோப்பை லிஸ்ட்ஸ்கேன், ஜிவிஃபிட்ஸ் நிரல்கள் வழியாக மாற்றி உள்ளே கொண்டுவந்தபின், ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக முழு அளவுத்திருத்தம் செய்யுங்கள். தொடர் கதிர்வீச்சை வைத்து இரண்டு நாளுக்கும் தனிப் படம் போட்டு, தெரிந்த மூலங்களின் ஒளிர்வு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாமல் சேர்த்தால் எந்த டிகிளீனும் அதைச் சரிசெய்யாது. தொடர் கதிர்வீச்சை நாள்வாரியாகக் கழித்தபின், கோடு உள்ள சேனல்களை விலக்கி, சிதறலை வைத்து எடை போடும் ஸ்டாட்வெயிட் ஓட்டினால் எடை சரியாகும்.

டாப்ளர் திருத்தத்தை டிகிளீன் கியூப் முறையில், எல்.எஸ்.ஆர்.கே. வெளிச்சட்டகத்தில் தானே செய்துகொள்ளும். ஏய்ப்ஸ் என்ற பழைய மென்பொருளைப் பயன்படுத்தினால் முதலில் சிவெல் (திசைவேகத் திருத்தம்), பிறகு டிபிகான் (சேர்ப்பு). வரிசையை மாற்றக் கூடாது. கான்கேட் போட்டே தீர வேண்டும் என்றால் திசைச் சகிப்பு அளவைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆயத்தின் கடைசி இலக்க வித்தியாசத்துக்கே ஒரே புலத்தை இரண்டு புலமாகப் பதிந்துவிடும்.

#24 பென்னாகரம்_வானம்

எல்லாவற்றையும் வரிசையாக மறுபடி ஓட்டியாயிற்று: யூனிக்ஸ் நேரம், முள் நீக்கம், வகுத்தல், சிதறல் அளவு, எல்.எஸ்.ஆர்.கே., லேப் பெருக்கு எண், வெட்டு, எடைச் சராசரி. பென்னாகரம் 11 நாள் மட்டும், 8 நிமிடக் கட்டம், 1 கி.மீ./வி. கணக்குப்படி இரைச்சல் 0.04 கெல்வின் வரவேண்டும். எனக்கு 0.11-இல் நிற்கிறது. இதை ஏற்கலாமா?

#25 தொப்பூர்_கணவாய்

ஒற்றைப்படை நாட்கள் தனி, இரட்டைப்படை நாட்கள் தனி என்று இரண்டு சராசரி செய்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள் தம்பி. வானம் முழுக்கக் கழிந்து கருவி மட்டும் மிஞ்சும். மிஞ்சியது சேனலுக்குச் சேனல் குதிக்கும் வெற்றிரைச்சலாக இருந்தால் கணக்கில் எங்கோ எடை தவறியிருக்கிறது. நீண்ட அலையாக இருந்தால் அடித்தளக் கோடு. 10 மீட்டர் கேபிளில் முனைக்கு முனை எதிரொலித்தால் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நீளமுள்ள அலை வரும். உங்கள் பட்டையில் அது சாய்வாகவோ வளைவாகவோ மட்டும் தெரியும், வெயிலுக்கும் குளிருக்கும் நகரும்.

#26 பென்னாகரம்_வானம்

கழித்துப் பார்த்தேன், நீண்ட வளைவுதான். ஏப்ரல் பகல் நாட்களில் பெரிதாக, இரவில் சிறிதாக.

#27 தொப்பூர்_கணவாய்

அப்படியானால் இனி நாளைக் கூட்டிப் பயனில்லை, 0.11 உங்கள் கேபிளின் எல்லை. எஸ்.டி.ஆரையும் ஃபீட் பக்கத்திலேயே நிழலான டப்பாவில் வைத்து, கீழே யூ.எஸ்.பி.க்குப் பதில் நெட்வொர்க் கேபிள் இறக்குங்கள். ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை போதும், ஆனால் அதன் பவர் சப்ளையை டப்பாவுக்கு வெளியே வையுங்கள். டிஷ்ஷைத் தெற்கே 8 பாகை சாய்த்து அடுத்த ஓட்டம் எடுத்தால் +4 விலக்கப் பட்டை கிடைக்கும். கற்றை அகலத்தில் பாதியாக இன்னொரு 4 பாகைச் சாய்வும் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பட்டைக்கும் நடுவில் இடைவெளி விழும்.